ஒரு முழு ஆண்டு, ஒரே வகுப்பறை: ஆசிரியர் ரெசிடென்சி என்றால் என்ன?

பள்ளி திறந்த முதல் இரண்டு மூன்று வாரங்களில் ஒரு நல்ல ஆசிரியர் செய்யும் வேலை வெளியில் தெரியாது. யார் எங்கே உட்காருவது, வீட்டுப்பாட நோட்டை எங்கே வைப்பது, சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது, ஒரு வேலையிலிருந்து அடுத்த வேலைக்குச் சத்தமில்லாமல் மாறுவது எப்படி என்று ஒவ்வொன்றையும் பிள்ளைகளுக்குப் பழக்குவார். அப்புறம் வருடம் முழுக்க அந்த வகுப்பு தானாகவே ஓடுவது போலத் தோன்றும். நடுவில் வந்து பார்ப்பவர்கள் "நல்ல பிள்ளைகள்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

அமெரிக்காவில் வழக்கமான ஆசிரியர் படிப்பு படிப்பவர்களில் பலர் அப்படி நடுவில் வந்து பார்ப்பவர்கள்தான். கல்லூரியில் பாடங்களை முடித்துவிட்டு, பெரும்பாலும் கடைசி செமஸ்டரில், ஏறக்குறைய 10 முதல் 15 வாரம் ஒரு பள்ளியில் கற்பித்தல் பயிற்சி எடுப்பார்கள். ஜனவரியில் உள்ளே நுழைபவர் கையில், வேறொருவர் பழக்கி வைத்த வகுப்பு கிடைக்கிறது. அடுத்த செப்டம்பரில் அவருக்கே ஒரு வகுப்பைக் கொடுத்துக் கதவைச் சாத்தும்போதுதான், பள்ளியின் முதல் நாளை ஆசிரியராக அவர் முதல் தடவை பார்க்கிறார். அதுவும் தனியாக.

இந்த ஓட்டையை அடைக்க வந்ததுதான் ஆசிரியர் ரெசிடென்சி. ஆசிரியராக விரும்பும் பட்டதாரி ஒருவர், ஒரு கல்வியாண்டு முழுவதும், பள்ளி திறக்கும் நாளிலிருந்து மூடும் நாள் வரை, அனுபவமுள்ள ஓர் ஆசிரியரின் வகுப்பறையில் அவருடன் சேர்ந்து வேலை செய்கிறார். அதே ஆண்டில் கல்வியியல் பாடங்களையும் படிக்கிறார். கைச்செலவுக்கு உதவித்தொகை உண்டு. ஆண்டு முடிவில் ஆசிரியர் உரிமமும், பல திட்டங்களில் முதுகலைப் பட்டமும் கிடைக்கும். பதிலுக்கு, அதே ஊரின் பள்ளிகளில் மூன்று நான்கு ஆண்டுகள் வேலை பார்ப்பதாக ஒப்பந்தம் போடுகிறார். பயிற்சியில் இருக்கும் இவரை 'ரெசிடென்ட்' என்கிறார்கள். வகுப்புக்கு உரிய ஆசிரியர், வழிகாட்டி ஆசிரியர்.

இந்த யோசனை மருத்துவத்திலிருந்து வந்தது. எம்.பி.பி.எஸ். பாடங்களைக் கரைத்துக் குடித்த ஒருவரை, மறுநாளே தனியாக ஒரு வார்டைப் பார்த்துக்கொள் என்று யாரும் விடமாட்டார்கள். ஹவுஸ் சர்ஜனாகப் பெரிய டாக்டர்களின் பின்னால் ரவுண்ட்ஸ் போய், அவர்கள் கண் முன்னால் கை பழகித்தான் வெளியே வர வேண்டும். முப்பது பிள்ளைகள் இருக்கும் அறைக்கு மட்டும் அந்த அக்கறை ஏன் வேண்டாம் என்ற கேள்விதான் ரெசிடென்சியின் தொடக்கம்.

2001இல் சிகாகோவில் முதல் திட்டம் வந்தது. 2003இல் பாஸ்டன், 2004இல் கொலராடோ மாநிலத்தின் டென்வர் பகுதி. இந்த மூன்றும் சேர்ந்து 2007இல் ஒரு பொது அமைப்பைத் தொடங்கின. ஆசிரியர் ரெசிடென்சிகளுக்கான தேசிய மையம் என்று இப்போது அறியப்படுவது அதுதான். பெருநகரங்களில் இது முளைத்ததற்குக் காரணம் உண்டு. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் படிக்கும் நகரப் பள்ளிகளில் கணக்கு, அறிவியல், சிறப்புக் கல்வி ஆசிரியர்கள் கிடைப்பது கஷ்டம். கிடைத்தவர்களும் இரண்டு மூன்று ஆண்டில் போய்விடுவார்கள். 1990 முதல் 'டீச் ஃபார் அமெரிக்கா' என்ற அமைப்பு நல்ல கல்லூரிப் பட்டதாரிகளுக்குக் கோடையில் சில வாரப் பயிற்சி கொடுத்து, இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் இந்தப் பள்ளிகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. காலியிடம் நிரம்பியது, ஆனால் ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். ரெசிடென்சியை உருவாக்கியவர்கள், நன்றாகத் தயார் செய்து நீண்ட காலம் தங்கவைப்பது என்ற எதிர்ப்பக்க வழியைப் பிடித்தார்கள்.

பாஸ்டன் எப்படிச் செய்தது என்று பார்த்தால் அமைப்பு புரிந்துவிடும். நகரப் பள்ளிகளின் அப்போதைய தலைவர் தாமஸ் பேசன்ட் காலத்தில், உள்ளூர்க் கல்வி அறக்கட்டளை ஒன்றும் பள்ளி நிர்வாகமும் கைகோத்து இதைத் தொடங்கின. பட்டம் கொடுத்தது மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் பாஸ்டன் வளாகம். ஜூலையில் கோடை வகுப்புகள் ஆரம்பம். செப்டம்பரில் பள்ளி திறந்ததும் வாரத்தில் நான்கு நாள் முழுக்கப் பள்ளிதான், ஐந்தாம் நாளும் சில மாலைகளும் பாட வகுப்பு. ஜூன் வரை இதே ஓட்டம். படிப்புக் கட்டணம் கடனாகக் கணக்கில் எழுதப்படும். பாஸ்டன் பள்ளிகளில் மூன்று ஆண்டு வேலை பார்த்தால் அந்தக் கடன் கழிந்துவிடும்.

முக்கியமான விஷயம், ரெசிடென்ட்டுகளைத் தனித்தனியாகத் தூவிவிடுவதில்லை. ஒரு பள்ளிக்குப் பல பேரை ஒன்றாக அனுப்பி, அங்கேயே அவர்களைக் கவனிக்க ஓர் ஆளையும் வைக்கிறார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் "இன்றைக்கு என் வகுப்பு கையை விட்டுப் போய்விட்டது" என்று சொல்ல, அதே நிலையில் இருக்கும் இன்னொருவர் பக்கத்தில் இருப்பது சாதாரண ஆறுதல் இல்லை. முதல் வருட ஆசிரியர்கள் வேலையை விடுவதற்குத் தனிமையும் ஒரு பெரிய காரணம்.

சரி, ஒரு ரெசிடென்ட் உண்மையில் என்ன செய்கிறார்? முதல் மாதத்தில் பெரும்பாலும் பார்க்கிறார், சின்னச் சின்னப் பொறுப்புகளை எடுத்துக்கொள்கிறார். காலையில் பிள்ளைகளை வரவேற்பது, ஐந்து பேர் கொண்ட ஒரு குழுவுக்கு வாசிப்புப் பயிற்சி கொடுப்பது போன்றவை. பிறகு பாடத்தின் ஒரு பகுதி, பிறகு ஒரு முழுப் பாடம், பிறகு தினமும் ஒரு பீரியட். ஆண்டின் பிற்பகுதியில் சில வாரங்கள் முழு வகுப்பும் இவர் கையில் இருக்கும், வழிகாட்டி ஆசிரியர் பின்னால் உட்கார்ந்திருப்பார். சில நாள் இருவரும் சேர்ந்தே பாடம் நடத்துவார்கள். ஒருவர் விளக்கும்போது மற்றவர் பிள்ளைகளின் நோட்டைப் பார்த்தபடி நடப்பார்.

ஆனால் இந்த அட்டவணையைப் பார்த்தால் ரெசிடென்சியின் உயிர் எங்கே இருக்கிறது என்று தெரியாது. அது பாடம் முடிந்த பிறகு இருவரும் உட்கார்ந்து பேசும் அந்த அரை மணி நேரத்தில் இருக்கிறது. ஓர் உதாரணம் சொல்கிறேன்.

நான்காம் வகுப்பு, அக்டோபர் மாதம், பின்னங்கள். ரெசிடென்ட் பலகையில் மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று என இரண்டையும் எழுதி, "எது பெரியது?" என்று கேட்கிறார். ஒரு பையன் கையைத் தூக்கி, "நான்கில் ஒன்று. மூன்றை விட நான்கு பெரியது" என்கிறான். ரெசிடென்ட்டுக்குக் கொஞ்சம் படபடப்பு. "இல்லைப்பா, மூன்றில் ஒன்றுதான் பெரியது" என்று சொல்லி, இரண்டு வட்டங்கள் வரைந்து காட்டிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறார். பாடம் நேரத்துக்கு முடிகிறது. வகுப்பு அமைதியாகத்தான் இருந்தது. அவருக்குத் திருப்தி.

பின்னால் இருந்த வழிகாட்டி ஆசிரியர் நோட்டில் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறார். ரெசிடென்ட் கேட்ட ஒவ்வொரு கேள்வி, பதில் சொன்ன பிள்ளையின் பெயர், கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் எத்தனை விநாடி. மாலையில் உட்கார்ந்ததும் அவர் பாராட்டவும் இல்லை, குறை சொல்லவும் இல்லை. "அந்தப் பையன் ஏன் அப்படிச் சொன்னான்?" என்று கேட்கிறார். ரெசிடென்ட் யோசிக்கிறார். முழு எண்களில் நான்கு மூன்றை விடப் பெரியதுதானே, அந்தப் பழக்கத்தில் சொல்லியிருக்கிறான். "அப்போது அவன் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது. இன்னும் எத்தனை பேர் அப்படி நினைக்கிறார்கள்?" வகுப்பு முடியும்போது பிள்ளைகளிடம் வாங்கிய துண்டுத் தாள்களை இருவரும் மேஜையில் பரப்பி அடுக்குகிறார்கள். சரியாகப் புரிந்தவை ஒரு பக்கம், விடை சரி ஆனால் காரணம் இல்லாதவை ஒரு பக்கம், அந்தப் பையனைப் போலவே நினைத்தவை ஒரு பக்கம். மூன்றாவது அடுக்கு, நினைத்ததை விட உயரமாக இருக்கிறது.

அப்புறம் நோட்டு. கேள்வி கேட்டதும் ரெசிடென்ட் ஒரு விநாடி கூடக் காத்திருக்கவில்லை. பதில் சொன்னவர்கள் திரும்பத் திரும்ப அதே மூன்று பேர். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடி அளவுதான் காத்திருக்கிறார்கள், அதை மூன்று விநாடியாக நீட்டினால் இன்னும் நிறையப் பிள்ளைகள் வாய் திறக்கிறார்கள், பதிலும் நீளமாக, காரணத்தோடு வருகிறது என்று மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களிலேயே எழுதியிருக்கிறார். ரெசிடென்ட் இதைப் பாட வகுப்பில் படித்தவர்தான், பரீட்சையில் எழுதியும் இருப்பார். ஆனால் தன் கேள்விக்குப் பக்கத்தில் 'ஒரு விநாடி' என்று எழுதியிருப்பதைப் பார்க்கும்போதுதான் அது உறைக்கிறது. மறுநாள் பாடத்தை அந்தப் பையனின் பதிலிலிருந்தே தொடங்குவது என்று முடிவாகிறது. ஒரே நீளமுள்ள இரண்டு காகிதப் பட்டைகள், ஒன்றை மூன்றாகவும் மற்றதை நான்காகவும் பிள்ளைகளே மடித்துப் பார்க்கட்டும். கேள்வி கேட்டபின் மனதுக்குள் மூன்று வரை எண்ணுவது என்பதும் முடிவாகிறது.

இதை ஒரு குறுகிய பயிற்சியிலும் செய்யலாமே என்று கேட்கலாம். இந்த ஒரு பாடத்தைச் செய்யலாம். ஆனால் வசந்தகாலத்தில் அதே வகுப்பு தசம எண்களுக்கு வரும். அதே பையன் 0.4ஐ விட 0.35தான் பெரியது என்பான், 4ஐ விட 35 பெரியது என்ற கணக்கில். அக்டோபரில் அவனோடு இருந்தவருக்குத்தான் இது புதுத் தவறு இல்லை, பழைய குழப்பம் வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறது என்பது தெரியும். ஒரு பிள்ளையின் சிந்தனை மாதக்கணக்கில் எப்படி நகர்கிறது, எங்கே சிக்கிக்கொள்கிறது என்பதைப் பார்ப்பதற்கு ஆண்டு முழுவதும் கூடவே இருக்க வேண்டும், வேறு குறுக்கு வழி கிடையாது. கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து வரும் பிள்ளைகள் எல்லாப் பழக்கத்தையும் மறந்து வருவதும், பிப்ரவரி குளிரில் வகுப்பே சோர்ந்துபோவதும், தேர்வு நெருங்கும்போது ஆசிரியர் அறையில் ஏறும் பதற்றமும் அப்படித்தான்.

டான் லார்ட்டி என்ற சமூகவியலாளர் 1975இல் ஒரு விஷயத்தைச் சுட்டிக்காட்டினார். பள்ளிப்படிப்பை முடிக்கும் ஒவ்வொருவரும் சுமார் 13,000 மணி நேரம் ஆசிரியர்களைப் பார்த்திருக்கிறார்கள். அதனால் ஆசிரியர் வேலை நமக்குத் தெரிந்த வேலை என்று எல்லோருக்கும் ஒரு நினைப்பு. ஆனால் மாணவர் நாற்காலியிலிருந்து தெரிவது, ஆசிரியர் செய்வது மட்டும்தான். ஏன் அந்தக் கேள்வியைத் தேர்ந்தெடுத்தார், எதைச் சொல்லாமல் விட்டார், முந்தின இரவு எதைக் கிழித்துப் போட்டார் என்பது தெரியாது. ரெசிடென்ட் பார்க்கக் கிடைப்பது அந்த மறைந்த பாதிதான். அதனால்தான் வழிகாட்டி ஆசிரியர் நன்றாகப் பாடம் நடத்தினால் மட்டும் போதாது, தான் செய்வதற்குக் காரணத்தை வாய்விட்டுச் சொல்லத் தெரிந்தவராகவும் இருக்க வேண்டும். இருபது ஆண்டு அனுபவத்தில் எல்லாமே கைவந்துவிட்டவருக்கு இது எளிதில்லை. "எப்படி அவனைப் பேச வைத்தீர்கள்?" என்று கேட்டால், "தெரியலம்மா, அப்படியே வந்துடுச்சு" என்று சொல்பவரிடம் ஒரு வருடம் இருந்தாலும் பாதிதான் கிடைக்கும். நல்ல திட்டங்கள் வழிகாட்டிகளுக்கும் தனியாகப் பயிற்சி கொடுக்கின்றன, கூடுதல் ஊதியமும் தருகின்றன. என்னைக் கேட்டால், ஒரு ரெசிடென்சி உருப்படுமா என்பதை அதன் பாடத்திட்டத்தை விட, வழிகாட்டிகளை அது எப்படித் தேர்வு செய்கிறது என்பதே தீர்மானிக்கிறது.

இனி, பலன். இங்கே மிகைப்படுத்தாமல் சொல்ல வேண்டும். பாஸ்டன் திட்டத்தை ஜான் பபே, தாமஸ் கேன் உள்ளிட்ட நான்கு ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2012இல் வெளியிட்டார்கள். ரெசிடென்சியில் தயாரானவர்கள் முதல் ஆண்டில் மற்ற புது ஆசிரியர்களை விடச் சிறப்பாக இல்லை. ஆங்கிலத்தில் சமமாக இருந்தார்கள், கணக்கில் அவர்களுடைய மாணவர்களின் முன்னேற்றம் குறைவாகவே இருந்தது. ஒரு முழு ஆண்டு பயிற்சி எடுத்தவர்களா இப்படி என்று யாருக்கும் தோன்றும். ஆனால் அவர்கள் வேகமாக முன்னேறினார்கள். நான்காம் ஐந்தாம் ஆண்டில் கணக்கில் மூத்த ஆசிரியர்களையே தாண்டிவிட்டார்கள். அது மட்டுமில்லை, ஐந்தாம் ஆண்டிலும் அவர்களில் நான்கில் மூன்று பங்கினர் பாஸ்டன் பள்ளிகளிலேயே இருந்தார்கள். மற்ற வழிகளில் வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர்தான் தங்கியிருந்தார்கள். வெள்ளையரல்லாத சமூகங்களைச் சேர்ந்தவர்களும், கணக்கு, அறிவியல் பாடம் எடுப்பவர்களும் இந்த வழியில் கூடுதலாக வந்தார்கள்.

இதில் எவ்வளவு பயிற்சியால், எவ்வளவு ஆட்களைப் பொறுக்கி எடுத்ததால், எவ்வளவு மூன்று ஆண்டு ஒப்பந்தத்தால் என்று முழுவதுமாகப் பிரிக்க முடியாது. திட்டமும் சின்னது, அதனால் நகரம் முழுக்க மதிப்பெண் உயர்ந்துவிடும் என்று எதிர்பார்க்கவும் கூடாது. ஆனால் ஆண்டுதோறும் டீச்சர் மாறும் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு, நாலு வருஷமாக அங்கேயே இருக்கும் கணக்கு டீச்சர் கிடைப்பது சாதாரண விஷயமில்லை.

பெரிய சிக்கல், பணம். ஓராண்டு முழுக்க வேறு வேலைக்குப் போக முடியாது. பல இடங்களில் உதவித்தொகை வீட்டு வாடகைக்கே பற்றாது. சம்பளமில்லாமல் ஓராண்டு தாக்குப்பிடிக்க முடிந்தவர்கள் மட்டுமே ஆசிரியராகலாம் என்றால், எந்தச் சமூகத்துப் பிள்ளைகளுக்காக இந்தத் திட்டமோ அந்தச் சமூகத்திலிருந்து யாரும் வர முடியாது. 2008இல் வந்த உயர்கல்விச் சட்டத் திருத்தம் மத்திய அரசு மானியத்துக்கு வழி செய்தது. மானியம் பெறும் ரெசிடென்சி, பயிற்சி ஆண்டில் உதவித்தொகை கொடுக்க வேண்டும். பயிற்சி பெற்றவர், தேவை அதிகமுள்ள பள்ளியில் குறைந்தது மூன்று ஆண்டு வேலை பார்க்க வேண்டும். கலிஃபோர்னியா மாநிலம் 2018இல் 7.5 கோடி டாலரும், 2021இல் 35 கோடி டாலரும் ரெசிடென்சிகளுக்கென்றே ஒதுக்கியது. டென்னசி வேறு மாதிரி யோசித்தது. 2022இல் ஆசிரியர் பயிற்சியைத் தொழிலாளர் துறையின் தொழிற்பழகுநர் திட்டத்தில் பதிவு செய்து, பள்ளி உதவியாளர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டே ஆசிரியராகும் பாதையைத் திறந்தது. ஆனால் மானியத்தை நம்பி நிற்பது எவ்வளவு ஆபத்து என்பதும் தெரிந்துவிட்டது. 2025 பிப்ரவரியில் மத்திய கல்வித்துறை ஆசிரியர் பயிற்சி மானியங்களில் பெரும்பாலானவற்றைத் திடீரென்று ரத்து செய்தது. சில மாநிலங்கள் வழக்குப் போட்டன. ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், வழக்கு நடக்கும்போதும் பணத்தை நிறுத்திவைக்க அனுமதித்தது. பயிற்சியின் நடுவில் இருந்தவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தாலே வருத்தமாக இருக்கிறது.

நம் ஊர் பி.எட். படித்தவர்களுக்கு ஒரு கேள்வி வரும்: நமக்கும் பள்ளிப் பயிற்சி இருக்கிறதே? இருக்கிறது. தேசிய ஆசிரியர் கல்விக் கழகத்தின் 2014 விதிமுறைகளுக்குப் பிறகு பி.எட். இரண்டு ஆண்டாகி, பள்ளி அனுபவம் 20 வாரமாக உயர்ந்தது. முதல் ஆண்டில் 4, இரண்டாம் ஆண்டில் 16. அது நல்ல முன்னேற்றம். ஆனால் வாரக் கணக்கை மட்டும் ஒப்பிட்டுப் பயனில்லை. பயிற்சி மாணவருக்குப் பள்ளியில் பொறுப்பான ஒருவர் இருக்கிறாரா, அவருக்கு அதற்கென நேரமும் ஊதியமும் உண்டா, பாடம் முடிந்ததும் இருவரும் உட்கார்ந்து பேசுகிறார்களா, இல்லை ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்குவதோடு முடிகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். கால அளவைக் கூட்டாமலேயே இவற்றைத் திருத்தலாம், அதற்குப் பெரிய செலவும் ஆகாது.

வெளிநாட்டில் இருக்கும் தமிழர்களில் சிலர், குறிப்பாக வேறு துறையில் பட்டம் வாங்கிவிட்டுக் கணக்கோ அறிவியலோ கற்பிக்க நினைப்பவர்கள், ரெசிடென்சிக்கு விண்ணப்பிக்க யோசிப்பதுண்டு. அவர்கள் திட்டத்தின் பெயரை விடச் சில விவரங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. வழிகாட்டி ஆசிரியரை யார், எதை வைத்துத் தேர்ந்தெடுக்கிறார்கள்? பொருந்தாமல் போனால் நடுவில் மாற்றித் தருவார்களா? ஆசிரியர் யாராவது விடுப்பு எடுத்தால் ரெசிடென்ட்டைத்தான் அந்த வகுப்புக்கு அனுப்புவார்களா? அளவோடு, ஊதியத்தோடு என்றால் பரவாயில்லை, தினசரி வழக்கமானால் பயிற்சியே காணாமல் போய்விடும். வேலையில் சேர்ந்த முதல் இரண்டு ஆண்டுகளில் வகுப்புக்கு வந்து பார்த்து உதவ ஆள் அனுப்புவார்களா? உதவித்தொகைக்கு மேல் மருத்துவக் காப்பீடு உண்டா? விசா நிலை இதற்கு ஒத்துவருமா? கடைசியாக ஒப்பந்தம். சொன்ன ஆண்டுகளுக்கு முன் விலகினால் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும், பள்ளி நிர்வாகமே ஆட்குறைப்பு செய்தால் அந்தக் கடன் யார் தலையில் விழும் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். கையெழுத்துப் போடுவதற்கு முன்பே அந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்கிப் படித்துவிடுங்கள்.